பகுதி 1: மொழி – சேலம், நாமக்கல் பெற்றோரும் நுழைவுத் தேர்வுகளும்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சேலம் வட்டாரத்துப் பள்ளி அலுவலகங்களுக்கு முன்னால் கார்களும் வேன்களும் வரிசை கட்டிவிடும். தேனி, ராமநாதபுரம், திருவண்ணாமலை என்று எங்கெங்கிருந்தோ பெற்றோர் வந்து இறங்குவார்கள். பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, சாதி, மதிப்பெண் எல்லாம் மளமளவென்று நிரம்பும். எந்த குரூப் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருப்பார்கள். 'பகுதி 1: மொழி' என்ற கட்டத்துக்கு வரும்போதுதான் பேனா நிற்கும். தகப்பனார் மகளைப் பார்ப்பார். மகள் மேசைக்கு எதிரே இருப்பவரைப் பார்ப்பாள். "பிரெஞ்சு போட்டுக்குங்க. படிக்கிற நேரம் மிச்சமாகும், மார்க்கும் வந்துருமுங்க" என்று அங்கிருந்து பதில் வரும். கட்டம் நிரம்பிவிடும்.

இந்த முடிவுக்கு ஆகிற நேரம் அரை நிமிடம். அதன் விளைவு பத்து வருடத்துக்குக் கூட வருகிறது. மருத்துவம், பொறியியல், கால்நடை மருத்துவம், வெளிநாட்டுப் படிப்பு, அரசு வேலை என்று எந்த வாசலுக்குப் போனாலும் ஒரு தேர்வு நிற்கிறது, அந்தத் தேர்வுக்குள் ஒரு மொழியும் நிற்கிறது. எந்த வாசலில் எந்த மொழி கேட்கப்படும் என்று இந்த வட்டாரத்துப் பெற்றோருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அவர்கள் லாரி ஓட்டியும், கோழிப்பண்ணை வைத்தும், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டியும் சம்பாதித்த காசைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். விதிகளை மட்டும் அடுத்தவர் வாய்வழியாகவே தெரிந்துகொள்கிறார்கள். நாற்பது ஆண்டுகளாக இதுதான் நடந்து வருகிறது.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-ல். கல்லூரியில் இருந்த பி.யு.சி. போய், மேல்நிலைப் பள்ளி வந்தது. 1984-85-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கணக்கு. சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் பயிற்சி வகுப்புகள் இருந்தன. கொல்லிமலை அடிவாரத்திலோ மேட்டூர்ப் பக்கத்திலோ இருந்த பிள்ளைக்கு அது எட்டாத காரியம். நாமக்கல் இதற்குத் தன் வழியில் ஒரு தீர்வு கண்டது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியையும் லாரியையும் பைனான்ஸையும் பங்கு போட்டு நடத்திப் பழகிய ஊர் இது. பள்ளிக்கூடத்தையும் பங்கு சேர்ந்து தொடங்கினார்கள். சாலையோரம் மேட்டுக்காடு விலைக்குக் கிடைத்தது. விடுதி கட்டினார்கள். மற்ற மாவட்டங்களில் நல்ல பெயர் எடுத்த ஆசிரியர்களை அதிகச் சம்பளத்துக்குக் கூட்டி வந்தார்கள். 1997 ஜனவரி 1-ல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமானபோது, முட்டைக்கும் லாரி பாடி கட்டுவதற்கும் அடுத்தபடியாக விடுதிப் பள்ளிக்குப் பெயர் பெற்ற ஊராக அது ஆகிக்கொண்டிருந்தது.

2006-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நுழைவுத் தேர்வு ஒழிந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நியாயம் செய்த சட்டம் அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் அதிகம் அறுவடை செய்தவை விடுதிப் பள்ளிகள்தான். பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே கணக்கு என்றானதும், பிளஸ் டூ மதிப்பெண்ணை எடுத்துக் கொடுப்பதையே முழுநேர வேலையாகச் செய்துவந்தவர்கள் முன்னால் வந்தார்கள். 2012-லும் 2013-லும் மாநில முதலிடம் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிகளுக்குப் போனது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்டடி, இரவு பத்து மணி வரை ஸ்டடி, தினமும் ஒரு டெஸ்ட், ப்ளூ பிரிண்டை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் வரும் என்ற கணக்கு. 11-ஆம் வகுப்புப் புத்தகத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு, 12-ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடமும் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். இவற்றுக்குப் பிராய்லர் பள்ளி என்ற பெயர் விழுந்ததும் இந்தக் காலத்தில்தான்.

மொழிப்பாடத்தின் கதையை இங்கே நின்று பார்க்க வேண்டும். பொறியியல் கட்-ஆஃப் என்பது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மருத்துவத்துக்கு உயிரியல் 100, மற்ற இரண்டும் ஐம்பது ஐம்பது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து 1,200-ல் 400 மதிப்பெண் இருந்தும், இந்தக் கட்-ஆஃப்பில் அவற்றுக்கு ஒரு மதிப்பெண் கூட இடமில்லை. அப்படியானால் பிரெஞ்சு எடுத்தால் 'மார்க் வரும்' என்று சொன்னது எதற்காக? வந்த மார்க் பள்ளியின் விளம்பரப் பலகையில் எழுதத்தான் உதவியது. பள்ளிக்கு உண்மையில் வேண்டியிருந்தது நேரம். தமிழில் செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம் என்று இரண்டு தாள் இருந்தன. பிரெஞ்சோ, முன்பு அந்த மொழியில் ஓர் எழுத்தும் படிக்காத பிள்ளை 11-ஆம் வகுப்பில் தொடங்கினாலும் சமாளித்துவிடக் கூடிய அளவில் இருந்தது. மிச்சமாகும் மணி நேரங்கள் இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் போயின.

இன்னொரு விதியும் குறுக்கே நின்றது. தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்குத்தான் மாநில ரேங்க் அறிவிப்பார்கள். பிற மொழி எடுத்தவர்களுக்குத் தனிப் பட்டியல். ஆகவே சில பள்ளிகளில் ரேங்க் வாங்கக் கூடியவர் என்று கணித்த பிள்ளைகளைத் தமிழில் வைத்தார்கள். மற்றவர்களை மருத்துவ, பொறியியல் கட்-ஆஃப் கணக்குப்படி பிரெஞ்சுக்கு அனுப்பினார்கள். ஒரு பிள்ளை எந்த மொழியில் கதையும் கவிதையும் படிக்கும் என்பதை, பள்ளி அதன்மேல் வைத்திருந்த எதிர்பார்ப்பு முடிவு செய்தது. பெற்றோரில் பெரும்பாலோருக்கு இந்தக் கணக்கே தெரியாது. பிரெஞ்சு தெரிந்தால் பிள்ளைக்கு நல்லதுதானே என்று மனதார நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அதிகம்.

அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். பிரான்சில் பிரெஞ்சு வழியில் பட்டப்படிப்பு படிக்க பிரெஞ்சுத் திறனை அளக்கும் டெல்ஃப் தேர்வில் பொதுவாக பி2 நிலை, அதாவது ஏ1, ஏ2, பி1 தாண்டிய நான்காம் படி, கேட்பார்கள். பள்ளியில் இரண்டு வருடம் மொழிபெயர்ப்பும் வினைச்சொல் அட்டவணையும் மனப்பாடம் செய்த பிள்ளை, அந்த ஏணியின் முதல் இரண்டு படிகளில் நிற்கும். 200-க்கு 195 வாங்கிய பிள்ளை புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் வழி கேட்கத் தயங்கினால் அது பிள்ளையின் குற்றமாகாது. பேசுவதற்காக யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியது. அதனால் தமிழைக் கைவிடும் இடம் பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு வாசலுக்கு நகர்ந்தது. பத்து வருடம் படித்த மொழியை, இலக்கியமாக அது சுவைக்கத் தொடங்குகிற வயதில் நிறுத்துகிறோம். சேலம், நாமக்கல்லில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசுகிற குடும்பங்கள் நிறைய உண்டு. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றத்துக்குப் போய் இச்சட்டத்திலிருந்து அவ்வப்போது விலக்குப் பெற்றன. அந்தக் குடும்பங்களின் கவலை வேறு, அதற்கு நியாயம் உண்டு. தன் தாய்மொழியைப் படிக்க விரும்புகிறவரையும், நேரம் மிச்சம் பிடிக்க மொழி மாற்றுகிறவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது.

2017-ல் எல்லாக் கணக்கும் தலைகீழானது. முந்தைய ஆண்டு மட்டும் விலக்குக் கிடைத்திருந்த மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு தமிழ்நாட்டுக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் வாங்கியும் நீட்டால் மருத்துவ இடம் எட்டாத அரியலூர் மாவட்டத்து அனிதாவை அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் இழந்தோம். அதே ஆண்டில் மாநில அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. 11-ஆம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு வைத்தது, மொத்த மதிப்பெண்ணை 1,200-லிருந்து 600-ஆகக் குறைத்தது. பிறகு மொழிப்பாடத்தின் இரண்டு தாளும் ஒன்றாயின. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதிக்கிற பழக்கத்துக்குக் கடிவாளம் போடுவதே 11-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வின் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அடுத்த ஆண்டே, உயர்கல்விக்கு 11-ஆம் வகுப்பு மதிப்பெண் கணக்கில் வராது என்று அறிவித்துவிட்டார்கள். கடிவாளம் தளர்ந்தது. கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு நடக்காத 2021-ல் மட்டும், பத்தாம் வகுப்புக்கு 50 விழுக்காடு, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று கணக்கிட்டபோது, தாண்டிக் குதித்தவர்கள் சிலர் தடுக்கி விழுந்தார்கள்.

நீட் வந்ததும் நாமக்கல் பள்ளிகள் மூடப்படும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அவை நீட் பயிற்சி மையங்களாக உருமாறின. விடுதி அதேதான், ஐந்து மணி மணியோசையும் அதேதான், புத்தகம் மட்டும் மாறியது. பிளஸ் டூ முடித்துவிட்டு ஓராண்டு, ஈராண்டு தங்கி மறுபடி எழுதுகிற ரிப்பீட்டர் பேட்ச் புதிய வருமானம் ஆனது. 2019 அக்டோபரில் நாமக்கல்லில் ஒரு கல்விக் குழுமத்தில் வருமான வரித்துறை சோதனை நடத்தியபோது, பள்ளி அரங்கம் ஒன்றில் பெரும்பகுதி வைக்கப்பட்டிருந்த 30 கோடி ரூபாய் ரொக்கத்தைப் பிடித்தார்கள். அந்தப் பணம் தோட்டத்தை அடமானம் வைத்தவர்களும், ரிக் வண்டியின் பங்கை விற்றவர்களும், சீட்டு எடுத்தவர்களும் கட்டியது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நீட் தேர்வுக்குள்ளும் மொழி ஒரு பிரச்சினையாக இருக்கிறது. 180 கேள்வி, 720 மதிப்பெண், தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், கேள்விக்கு நான்காக 196 மதிப்பெண் கருணை மதிப்பெண்ணாகக் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தேர்வு அமைப்பின் விதிப்படி, மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வாசகமே இறுதியானது. தமிழ் வழியில் படித்த பிள்ளை, ஐயம் வந்த இடத்தில் ஆங்கிலத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் நொடிகளும் அந்த மூன்று மணி நேரத்துக்குள்தான். இருந்தும் 2022-லும் 2023-லும் 30,000-க்கு மேற்பட்டவர்கள் தமிழில் எழுதப் பதிவு செய்தார்கள். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பல பிள்ளைகளுக்குத் துணிவு கொடுத்தது. அந்த ஒதுக்கீடு மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிந்தது. என்னைக் கேட்டால், கடந்த பத்தாண்டில் இந்த வட்டாரத்துத் தறித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உருப்படியாகக் கிடைத்தது இது ஒன்றுதான்.

நீட் நாளன்று தேர்வு மையத்தின் வாசலில் போய் நின்றால் இந்தப் பெற்றோரை நேருக்கு நேர் பார்க்கலாம். மகளின் காதில் கிடக்கிற தோட்டைத் தாய் அங்கேயே கழற்றுவாள். திருகாணி இறுகிப்போய்க் கழலாவிட்டால் பக்கத்தில் நிற்கிற இன்னொரு தாய் எச்சில் தொட்டுத் திருகிக் கொடுப்பாள். முழுக்கைச் சட்டையோடு வந்த பையனுக்காக ஒருவர் கத்தரிக்கோல் தேடி ஓடுவார். அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிவுரைகளை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, சுற்றி நிற்கிற பத்துப் பேர் கேட்பார்கள். மே மாத வெயிலில் மூன்று மணி நேரம் மரத்தடியை விட்டு அவர்கள் கிளம்பவே மாட்டார்கள். யாருக்கு எந்தக் கல்லூரி, கட்-ஆஃப் எவ்வளவு வரும், வெளிநாடு அனுப்பலாமா என்ற பேச்சு அங்கேதான் நடக்கும். அந்த மரத்தடிக்கு வந்து துண்டறிக்கை கொடுக்கிறவர்கள் ஏஜென்ட்டுகள் மட்டுமே. அரசுத் தரப்பில் ஒருவரும் வருவதில்லை.

எந்தத் தேர்வுக்கு எந்த மொழி வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நீட் எழுத பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பகுதி 1-ல் தமிழா பிரெஞ்சா என்று அவர்கள் கேட்பதில்லை. ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழில் எழுதலாம், ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தேசியச் சட்டப் பள்ளிகளுக்கான கிளாட் தேர்வு முழுக்க ஆங்கிலம். ஐ.ஐ.டி. சேர்க்கையில் பிளஸ் டூவில் 75 விழுக்காடு வேண்டும் என்ற விதியில் மொழிப்பாடம் ஒன்றும் கூட்டலில் வரும். மொழி மதிப்பெண்ணுக்குப் பொருள் இருக்கிற அரிதான இடம் அது. 85 மதிப்பெண் தமிழிலேயே வாங்குகிற பிள்ளைக்கு அதற்காக மொழி மாற்றத் தேவையே இல்லை. நாமக்கல்லிலேயே 1985 முதல் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு, அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்கள் போக மற்றவற்றுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ கட்-ஆஃப்தான். வேளாண்மைக்கும் அப்படியே. வீட்டுக்குப் பத்துக் கிலோமீட்டரில் நல்ல கல்லூரி இருக்க, அதற்கு நீட் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ரிப்பீட்டர் பேட்சில் பணம் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைச் சொல்லித் திருத்த ஒரு பக்கத் துண்டறிக்கை போதும்.

கலை அறிவியல் கல்லூரிக்குப் போனாலும் மொழி பின்தொடரும். பெரியார் பல்கலைக்கழகம் உட்பட மாநிலப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்கு முதல் பகுதி மொழிப்பாடம் உண்டு. பள்ளியில் தமிழ் படிக்காமல், கல்லூரியிலும் வேறு மொழி எடுப்பவர் அடிப்படைத் தமிழ் படிக்க வேண்டும். பன்னிரண்டு வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் மொழி மாற்றுபவருக்குச் சிறப்புத் தமிழ். பொறியியலில் அண்ணா பல்கலைக்கழகம் 2022 முதல் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது.

பெற்றோரில் பலரும் கணக்கில் எடுக்காத வாசல் அரசு வேலை. 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி, டி.என்.பி.எஸ்.சி. உள்ளிட்ட மாநிலத் தேர்வுகளில் தமிழ்த் தாள் கட்டாயம். குரூப் 4 தேர்வில் தமிழுக்கு 150 மதிப்பெண். அதில் 40 விழுக்காடாகிய 60 வாங்காவிட்டால் மற்றப் பகுதி எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பயனில்லை. முன்பு பொதுத் தமிழுக்குப் பதில் பொது ஆங்கிலம் எழுதலாம் என்றிருந்தது. அந்தக் கதவு அடைபட்டது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் 2020-ல் இறுகியது: பட்டப்படிப்பு மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளி முழுதும் தமிழில் படித்திருக்க வேண்டும். பொறியியல் முடித்துவிட்டு, ஐ.டி. வேலை கிடைக்காமல், சேலத்தில் அறை எடுத்துக் குரூப் 2-வுக்கும் குரூப் 4-க்கும் படிக்கிற இளைஞர்களில் பிரெஞ்சு எடுத்தவர்கள் இலக்கணத்தை மறுபடி எழுத்து, சொல் என்று தொடங்குகிறார்கள். பத்தாம் வகுப்புத் தரம்தான் என்றாலும், ஏழெட்டு வருட இடைவெளி கையைக் கட்டிவிடுகிறது. மிச்சம் பிடித்த நேரத்தை இப்போது திருப்பிக் கொடுக்கிறார்கள்.

மொழியைப் பற்றிப் பயப்படுகிற இதே வீடுகளில் ஒரு தலைமுறை முன்னால் பயமே இருந்ததில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்துக்கும் சத்தீஸ்கருக்கும் போனவர்கள் இந்தி பேசக் கற்றார்கள். சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்கள் தெலுங்கு, கன்னடம், மராத்தி என்று சுங்கச்சாவடிக்கும் தாபாவுக்கும் தேவையான அளவு எல்லாம் பேசுவார்கள். எந்தத் தேர்வும் எழுதியதில்லை. தேவை இருந்தது, பேச ஆள் இருந்தது, மொழி வந்தது. பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டும் இல்லாமல் மதிப்பெண் மட்டும் இருப்பதால்தான் பிரெஞ்சும் வருவதில்லை, பத்து வருடம் படித்த ஆங்கிலமும் வாயில் வருவதில்லை.

மொழி உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் வெளிநாட்டுப் படிப்பு. ஏஜென்ட்டுகள் அதிகம் மறைப்பதும் இங்கேதான். நீட்டில் தகுதி மதிப்பெண் வந்தும் அரசுக் கல்லூரி இடம் எட்டாத பிள்ளைகளை ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று அனுப்புகிறார்கள். 2018 முதல் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் நீட் தகுதி வேண்டும். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதிகள் கடுமையானவை: படிப்பு குறைந்தது 54 மாதம், பயிற்று மொழி ஆங்கிலம், அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி மருத்துவம், படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதி. பிலிப்பைன்ஸின் நான்காண்டு எம்.டி. 48 மாதம்தான், அதற்கு முந்தைய பி.எஸ். படிப்பைச் சேர்த்துக் காட்டுவது செல்லாது என்றானதும் பல குடும்பங்கள் திகைத்து நின்றன.

'பயிற்று மொழி ஆங்கிலம்' என்ற வரியைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் நிம்மதியடைகிறார்கள். ஆனால் மூன்றாம் ஆண்டிலிருந்து பிள்ளை நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த நோயாளி ரஷ்யன் பேசுவார், ஜார்ஜியன் பேசுவார். வலி எங்கே, எப்போது தொடங்கியது, சாப்பிட்டபின் கூடுகிறதா என்று கேட்டுக் கற்பதுதான் மருத்துவக் கல்வி. மொழி வராத பிள்ளை சுவரோரம் நின்று குறிப்பெழுதிவிட்டு வருகிறது. அந்த நாட்டில் பதிவு செய்துகொள்ளும் தகுதி வேண்டுமென்றால் பல இடங்களில் உள்ளூர் மொழித் தேர்வும் சேர்ந்தே வரும். ஊருக்குத் திரும்பினால் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான, 300-க்கு 150 வாங்க வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு காத்திருக்கிறது, அதில் பெரும்பாலான முறை தேறுகிறவர்கள் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. ஒரு காரணம் பயிற்சிக் குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். மொழி தெரியாமல் கழிந்த மருத்துவமனை வருடங்களும் அதற்குள் அடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

ஜெர்மனி இப்போது சேலம் பக்கத்தில் புதிய பேச்சு. "அங்க பீஸே கெடையாதுங்க" என்பதுதான் முதல் வாக்கியம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. ஆனால் பிளஸ் டூ முடித்த கையோடு நேரே சேர முடியாது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே ஓராண்டு கல்லூரிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது அங்கே போய் ஆயத்த ஆண்டு படிக்க வேண்டும் என்பது பொது விதி. 2022 நவம்பர் முதல், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் மாணவர் விசா இல்லை. ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இளங்கலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன; சி1 அளவு மொழி கேட்பார்கள். ஏ1-லிருந்து சி1 வரை ஏறுவது விடுமுறைக் கிராஷ் கோர்ஸில் முடிகிற காரியமே அல்ல.

செவிலியர் படிப்புக்காரர்கள் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறார்கள். ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் பெற பொதுவாக பி2 வேண்டும். 1978 முதல் இருக்கிற தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கு ஜெர்மன் கற்பித்து அனுப்புகிறது. கெத்தே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 60 விழுக்காடு வேண்டும். பி1, பி2 நிலைகளில் தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். பேசும் பகுதியில் தவறியவர்கள் மறுபடி எழுத மாதக்கணக்கில் ஜெர்மனிலேயே பேசிப் பழகுகிறார்கள். வேலை செய்வதற்காக மொழி படிப்பதால், அவர்களுக்கு மொழி வருகிறது.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1984, 2007, 2017 என்று மூன்று முறை அவர்கள் தலைக்கு மேலே விதி மாறியது. ஒவ்வொரு முறையும் விதியை முதலில் படித்து விளக்கியவர் விற்கிறவராகவே இருந்தார். பள்ளிக் கல்வித்துறை செய்யக்கூடிய காரியம் பெரிதல்ல. பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு முந்தைய வாரம், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் பெயரில் ஒவ்வொரு பெற்றோர் கைக்கும் தமிழில் ஒரு தாள் போய்ச் சேர வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு, அது எந்த மொழியில், எந்தக் கட்-ஆஃப்பில் மொழி மதிப்பெண் கூடும், எதில் கூடாது, பகுதி 1-ல் தமிழை விட்டால் பின்னால் எங்கே அதை மறுபடி எழுத வேண்டிவரும். இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழிகாட்டி ஆசிரியர்கள் அரசுப் பள்ளிகளில் இதில் ஓரளவைச் செய்கிறார்கள். தனியார் விடுதிப் பள்ளிக்கு வருகிற பெற்றோருக்கு அதுவும் இல்லை.

பிரெஞ்சையே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மொழிமேல் ஆசைப்பட்டு எடுக்கிற பிள்ளை பேசவும் படிக்கவும் ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை வகுப்பு, அவர் முழுநேரம் இருப்பாரா, தேர்வு மாதத்தில் மட்டும் வந்துபோகிறவரா என்று கேளுங்கள். பதில் சரியாக வந்தால் தாராளமாக எடுக்கட்டும். நேரம் மிச்சமாகும் என்பதுதான் பதில் என்றால், அந்த நேரம் யாருக்கு மிச்சமாகிறது என்றும் கேளுங்கள்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு, 11-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வு 2025-26 முதல் நீங்கிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது. கூடவே பழைய தாண்டிக் குதித்தல் திரும்பி வரவும் வழி திறந்தது. விடுதியில் சேர்த்திருப்பவர்கள், பார்வையாளர் நாளில் தின்பண்டத்தோடு போகும்போது, பிள்ளையின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நோட்டையும் மொழிப்பாட நோட்டையும் எடுத்து வரச் சொல்லித் தேதிகளைப் பாருங்கள். செப்டம்பரிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் தொடங்கியிருந்தாலோ, மொழி நோட்டில் நாலு பக்கத்துக்கு மேல் எழுதியிராவிட்டாலோ, அன்றைக்கே அலுவலகத்தில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.